உடைந்து வந்த கிரைண்டர் கல்லும் எடுக்காத வீடியோவும்

வாசகியின் கடிதம்:

ஐயா, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். நான் நான்கு வருடமாக வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ போகும். பழைய கிரைண்டரில் காயில் போய்விட்டதால், மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஆன்லைனில் 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று 13,490 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் கணவரின் டெபிட் கார்டில் கட்டினோம். இந்த மாதம் 3ஆம் தேதி பெட்டி வந்தது. அன்று நான் மன்னார்குடியில் தங்கையின் பிரசவத்துக்காக இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஓடிபி-யை போனில் சொன்னேன், அவர்கள் வாங்கி வைத்தார்கள். 12ஆம் தேதி திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால் அடிக்கல்லின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து கிடக்கிறது. டிரம் ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கிறது. ஆப்பில் சாட் செய்தால் ஒருவர் "ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது" என்கிறார். இன்னொருவர் "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?" என்கிறார். நான் எடுக்கவில்லை. மாவு விற்கத்தான் வாங்கினேன் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். "கமர்ஷியல் யூஸ், எங்கள் பொறுப்பு இல்லை" என்று முடித்துவிட்டார்கள். கூகுளில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்தேன். பணம் திருப்பி அனுப்ப ஓர் ஆப் இறக்கச் சொன்னார். பயந்து வைத்துவிட்டேன். வீட்டுக்காரர், "போனது போகட்டும் விடு" என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. வக்கீல் வைத்தால் அதற்கே பத்தாயிரம் ஆகுமே. நான் என்ன செய்யலாம்?

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த போன் நம்பர் விஷயம், ஏனென்றால் அது ஒன்றுதான் இன்றைக்கே ஆபத்தானது. கூகுளில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களில் நிறைய மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவை. ஆப் இறக்கச் சொல்வது உங்கள் போன் திரையை அவர்கள் பார்ப்பதற்காக. நீங்கள் வைத்துவிட்டது மிகச் சரி. அவர் மறுபடி அழைத்தால் எடுக்க வேண்டாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: உங்களுக்கு ஒருவர் பணம் அனுப்ப உங்கள் யுபிஐ பின் தேவையே இல்லை, ஓடிபி-யும் தேவையில்லை. ஒருவேளை கார்டு எண் ஏதாவது சொல்லியிருந்தால் உடனே வங்கியில் சொல்லி அந்தக் கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தாமதிக்காமல் சொல்லுங்கள். நிறுவனத்தின் உண்மையான முகவரி, மெயில் எல்லாம் ஆப்பின் உள்ளேயே இருக்கும். அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

சரி, கிரைண்டருக்கு வருவோம்.

உங்களுக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே அவர்கள் கையில் இருக்கும் தாளைப் பார்த்துச் சொன்னவை. எதுவும் சட்டம் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக நுகர்வோர் வழக்குகளை நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சாட்டில் வந்த வரியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு வருகிறார்கள். உங்களுக்கு மனம் ஆறாமல் இருந்து இவ்வளவு சீக்கிரம் எழுதியது நல்லதாகப் போயிற்று.

வீடியோ இல்லை என்பதற்கு இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலோ, அதன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளிலோ, பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் பணம் திரும்பும் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. வீடியோ இருந்தால் அது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் நகை காணாமல் போனால் போட்டோ இருந்தால்தான் புகார் வாங்குவோம் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? வேறு சாட்சிகளை வைத்து உண்மையைக் காட்டலாம். உங்களிடம் அவை இருக்கின்றன, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாறாக, விதிகளில் இருப்பது இது. விதி 6-ன்படி, ஆன்லைன் சந்தைத் தளத்தில் விற்கும் எந்த விற்பனையாளரும், பொருள் குறைபாடாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தர மறுக்கவும் கூடாது. "ஏழு நாள்" என்பது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று நல்ல பொருளைத் திருப்பித் தருகிறவர்களுக்கு அந்தக் கெடு நியாயம். உடைந்த பொருளுக்கு உங்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை ஏழாம் நாள் இரவோடு செத்துப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்வார்கள்: "கூரியரில்தான் உடைந்தது, நாங்கள் நல்ல பொருளைத்தான் அனுப்பினோம்." கோடவுனில் உடைந்ததா, லாரியில் உடைந்ததா என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. நீங்கள் 13,490 ரூபாய் கொடுத்தது முழுக் கல்லுக்கு.

மூன்றாவது பதில்தான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை சகோதரி. உண்மையைச் சொன்னீர்கள், அந்த உண்மை உங்களுக்குச் சாதகமானது. வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது நிஜம். ஆனால் அதே பிரிவில், பிரிவு 2(7)-இன் விளக்கத்தில், ஒருவர் தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே பயன்படுத்த வாங்குகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் எழுதியிருக்கிறது. சாட்டில் இருந்தவர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்.

இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது போட்டது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. பி.எஸ்.ஜி.-யிடம் மெஷின் வாங்கிய அந்த நிறுவனம் நுகர்வோர் இல்லை என்றுதான் முடிவாயிற்று. ஆனால் போகிற போக்கில் நீதிபதிகள் யாரெல்லாம் நுகர்வோர் என்பதற்கு உதாரணங்கள் சொன்னார்கள்: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர், தானே உட்கார்ந்து மற்றவர்களுக்கு டைப் அடித்துக் கொடுக்க டைப்ரைட்டர் வாங்குகிறவர். உதவிக்கு வீட்டு ஆட்களோ ஒன்றிரண்டு பேரோ இருந்தாலும் அவர் நுகர்வோரே. விடியற்காலையில் எழுந்து, அரிசி களைந்து, தானே மாவு அரைத்து, தெருவில் கொண்டுபோய்க் கொடுக்கிற நீங்கள் அந்த டைப்ரைட்டர்காரரின் பக்கத்து இருக்கை. நான்கு ஆள் வைத்து மாவுக் கம்பெனி நடத்தினால் கதை வேறு. ஆகவே இனி எங்கே எழுதினாலும் மறைக்க வேண்டாம். "என் பிழைப்புக்காக, நானே இயக்க வாங்கினேன்" என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வீட்டுக்குத்தான் வாங்கினேன் என்று மாற்றிச் சொன்னால்தான் சிக்கல். சாட்டில் நீங்கள் சொன்னது அவர்களிடம் பதிவாகியிருக்கும்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அது அந்த ஒன்பது நாள். பெட்டி 3ஆம் தேதி வந்தது, நீங்கள் பார்த்தது 12ஆம் தேதி. நடுவில் நீங்களே போட்டு உடைத்திருக்கலாம், அல்லது நாலு நாள் அரைத்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்பார்கள். அவர்கள் வக்கீலாக நான் இருந்தாலும் இதைத்தான் கேட்பேன். அதற்குப் பதில் இப்போதே தயார் செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காதான் உங்களுக்கு முக்கியமான சாட்சி. அவர்களிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்: 3ஆம் தேதி பெட்டியை வாங்கினேன், என் வீட்டில் இந்த இடத்தில் வைத்திருந்தேன், 12ஆம் தேதி இவர் வந்து எடுத்துப்போகும்வரை டேப் பிரிக்கப்படவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். பிரிக்கும்போது கூட இருந்தார்களா? இருந்தால் அதையும். நீங்கள் மன்னார்குடியில் இருந்ததற்குத் தங்கையின் மருத்துவமனைச் சீட்டு, பஸ் டிக்கெட், அங்கே எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அப்புறம், நீங்கள் ஓடிபி சொன்னது பெட்டி வந்து சேர்ந்ததற்குத்தான் அத்தாட்சி. பெட்டிக்குள் கல் எப்படி இருந்தது என்பதற்கு அல்ல. டெலிவரி கொடுக்கிறவர்கள் பல சமயம் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் போட்டோவைத் தரும்படி தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். மூலை நசுங்கியது அதிலேயே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து கல். கிரைண்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வழக்குக்காக ஒரு பழைய கிரைண்டர் மெக்கானிக்கின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து கேட்டது. அவர் இரண்டு உடைந்த கல்லை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மாவு அரைத்த கல்லில், பெயர்ந்த இடத்தின் ஓரத்தில், கல்லின் சிறு குழிகளுக்குள் வெள்ளையாக மாவு இறுகிப்போயிருந்தது. எவ்வளவு கழுவினாலும் அது முழுசாகப் போகாது என்றார். ஓடி ஓடி மேல்பரப்பு வழுவழுப்பாகவும் ஆகியிருந்தது. அரைக்காத கல்லில் கொத்திய புள்ளிகள் சொரசொரவென்று அப்படியே இருந்தன. உடைந்த முகம் வெளிறிய சாம்பல் நிறத்தில், விரலால் தொட்டால் பொடி ஒட்டியது. உங்கள் கல்லும் அப்படித்தான் இருக்கும். புதுக் கிரைண்டர் வாங்கினால் முதலில் கொஞ்சம் அரிசி போட்டு அரைத்துக் கொட்டுவோமே, அதைக்கூட நீங்கள் செய்யவில்லை.

அதனால் அந்தக் கல்லை இப்போது கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்து, உடைந்த முகத்தை நெருக்கமாக ஒரு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம், முழு டிரம் தெரிய ஒரு படம், டிரம் ஒடுங்கிய இடம், பெட்டியின் ஆறு பக்கம், உள்ளே தெர்மாகோல் எங்கே நொறுங்கியிருக்கிறது என்பது, பெட்டியில் ஒட்டிய முகவரி ஸ்டிக்கர், மெஷினின் சீரியல் நம்பர் எல்லாவற்றையும் எடுங்கள். டிரம்மில் பாலிதீன் உறை இன்னும் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம். பிளக் கம்பியில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். சிலர் குழவிகளை டிரம்முக்குள் போட்டு நடுவில் சரியான தடுப்பு இல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் குழவி அடிக்கல்லில் மோதும். உங்கள் பெட்டியில் குழவி எங்கே இருந்தது, எதில் சுற்றியிருந்தது என்பதை ஞாபகம் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர்ந்து விழுந்த சில்லுகள், பொடி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கட்டுங்கள். பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மழை படாமல் பரணில் ஏற்றுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதால் மட்டும் பாதுகாப்பு இல்லை. அதில் படம் சுருங்கிவிடும், எடுத்த நாள் நேர விவரமும் அழிந்துவிடும். போனில் இருக்கிற மூலப் படத்தை அழிக்காமல் வைத்து, மெயிலில் ஒரு பிரதி வையுங்கள். ஆணையத்தில் போடும்போது இந்தப் படங்களை எடுத்த போன் உங்களுடையது என்று ஒரு சான்று கொடுக்க வேண்டியிருக்கும். பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் பிரிவு 63 அதைப் பற்றியது. அந்த மாதிரிப் படிவம் எளிதில் கிடைக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சாட்டில் பேசியதையும் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பல ஆப்களில் சில நாளில் பழைய சாட் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கிரைண்டர் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தால் மெக்கானிக்கை வரச்சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். வாரண்டியில் உடைசலைச் சேர்க்க மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நமக்குத் தேவை அவர் எழுதிக் கொடுக்கும் ஜாப் ஷீட். "கல் உடைந்துள்ளது, மெஷின் பயன்படுத்தப்படவில்லை" என்று அவர் பார்த்ததை எழுதிக் கொடுத்தால் பெரிய பலம். வாடிக்கையாளர் கையாண்டதில் சேதம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இயந்திரத்தை அவர் கையோடு எடுத்துப்போகவும் விடாதீர்கள்.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமானதற்கு வருகிறேன். இனி போனில் பேசுவதை நிறுத்துங்கள், எழுதுங்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். வாஷிங் மெஷின் கதவு உடைந்து வந்திருந்தது. பதினான்கு தடவை போன் செய்திருக்கிறார், யாரிடம் எப்போது பேசினார் என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். ஆனால் ஒரு மெயில்கூட இல்லை. நிறுவனம் பதில் மனுவில், இப்படி ஒரு புகாரே எங்களுக்கு வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டது. அதை உடைக்க எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று. பேசியது காற்றோடு போகும், தேதி போட்டு எழுதியது நிற்கும்.

விதி 4-ன்படி ஒவ்வொரு மின்வணிகத் தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் இதுவரை பேசியது கஸ்டமர் கேர் ஆட்களிடம். அந்தக் குறைதீர் அதிகாரிக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. ஆப்பில் கீழே, சட்ட விவரங்கள் இருக்கும் பக்கத்தில் மெயில் முகவரி இருக்கும். அதற்கு இப்படி எழுதுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே அனுப்புங்கள்.

"குறைதீர் அதிகாரி அவர்களுக்கு. ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் 13,490 ரூபாய் டெபிட் கார்டில் செலுத்தி 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். என் பிழைப்புக்காக, நானே இயக்கி மாவு அரைக்க வாங்கியது. 3ஆம் தேதி பெட்டி என் பக்கத்து வீட்டில் ஒப்படைக்கப்பட்டது. நான் வெளியூரில் இருந்ததால் 12ஆம் தேதி பிரித்தேன். அடிக்கல் உடைந்தும், டிரம் ஒடுங்கியும் இருந்தது. இயந்திரம் ஒரு முறைகூட ஓட்டப்படவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். மின்வணிக விதிகள் 2020, விதி 6-ன்படி பொருளை எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். விற்பனையாளரின் முழு முகவரி, மெயில், டெலிவரியின்போது எடுத்த படம் ஆகியவற்றையும் தர வேண்டும். என் புகாருக்கு எண் வழங்கவும். 15 நாளில் தீர்வு இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இவ்வளவு போதும். கோபத்தைக் கொட்ட வேண்டாம், வீட்டுக் கஷ்டமும் இதில் வேண்டாம். விற்பனையாளர் முகவரியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பொருள் வாங்கியவர் எழுதிக் கேட்டால் அந்த விவரங்களைத் தளம் கொடுத்தாக வேண்டும் என்று விதி 5 சொல்கிறது. பில்லில் விற்பனையாளர் பெயர் அச்சிட்டிருக்கும், அதையும் டவுன்லோட் செய்து வையுங்கள். அந்த முகவரிக்கு இதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும், போய்ச் சேர்ந்ததாக இணையத்தில் காட்டுவதையும் பிரிண்ட் எடுங்கள்.

பதிலுக்கு அவர்கள் கூப்பன் தருகிறோம், ஆயிரம் ரூபாய் வாலட்டில் போடுகிறோம் என்பார்கள். கிரைண்டர் கல் உடைந்த பிறகு ஆயிரம் ரூபாயை வைத்து என்ன செய்வீர்கள்? ஏற்கிறேன் என்ற பட்டனைத் தொட்டுவிட்டால் முழுத் தீர்வு ஆகிவிட்டது என்று பதிவாகிவிடும். வேண்டாம் என்று எழுதியே பதில் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பினால் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும் முன் மறுபடி படம் எடுத்து, பிக்கப் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இதோடு சேர்த்து, டெபிட் கார்டு வங்கிக்கு உங்கள் கணவர் ஒரு முறை போய்வர வேண்டும். கார்டில் பணம் கட்டிய பொருள் சேதமாக வந்து, விற்றவர் பணம் தர மறுத்தால், அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து வங்கி மூலம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்கலாம். கிளையில் அதற்கு ஒரு படிவம் இருக்கும். பில், படங்கள், நீங்கள் அனுப்பிய மெயில், மறுத்த சாட் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். இதற்குக் கெடு உண்டு, அதனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், கடைக்காரர் தரப்பும் ஆதாரம் கொடுப்பார்கள். ஆனால் செலவில்லாத வழி.

குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய ஓரிரு நாளிலேயே 1915-க்கும் அழையுங்கள். அது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை எடுப்பார்கள். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுத்து, நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பெரிய தளங்கள் பெரும்பாலும் இவர்களோடு இணைந்திருப்பவை. கஸ்டமர் கேரில் அசையாத பல விஷயம் இங்கே இரண்டு மூன்று வாரத்தில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 1915-க்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அவர்கள் பேசித் தீர்க்கிறவர்கள். அங்கே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டாலும் உங்கள் உரிமை மூடப்படுவதில்லை.

எதுவும் நடக்கவில்லை என்றால் ஆணையம். நீங்கள் அதிகம் தயங்குவது இதில்தான். வக்கீலுக்குப் பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீல் கட்டாயமே இல்லை. உங்கள் முறையீட்டை நீங்களே எழுதிக் கொடுத்து, நீங்களே பேசலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 50 லட்சம் வரையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்குத்தான் வரும். உங்களுக்கு அது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். 1986-ஆம் வருடச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரா, பிரச்சினை எழுந்த ஊரா என்று முதல் வாய்தாவிலேயே மல்லுக்கட்டுவோம். புதுச் சட்டத்தின் பிரிவு 34, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்து கிராமத்தில் இருக்கிறவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வரி.

நேரில் போய்க் கொடுக்கலாம், அல்லது இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் போனிலிருந்தே பதியலாம். ஊரில் இ-சேவை மையத்தில் ஸ்கேன் செய்ய உதவி கேளுங்கள். முறையீட்டில் தளத்தையும் விற்பனையாளரையும் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள். தளம், "நாங்கள் வெறும் இடைத்தரகர், தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 79 எங்களைக் காக்கிறது" என்று சொல்லும். பணம் வாங்கியது யார், டெலிவரி செய்தது யார், ரிட்டர்னை மறுத்தது யார் என்று கேட்டு அதற்குப் பதில் சொல்லலாம். உங்கள் விஷயத்தில் மறுத்ததே தளத்தின் ஆட்கள்தானே.

என்ன கேட்பது? 13,490 ரூபாயும் அதற்கு வட்டியும். அப்புறம், வேலை நின்றதால் வந்த நஷ்டம். தினமும் எத்தனை கிலோ போனது என்று ஏதாவது கணக்கு நோட்டு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அது தங்கம். பென்சிலில் கிறுக்கியதாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போது திருத்தி எழுதாமல் இருப்பதே போல் கொடுங்கள். மகளிர் குழுக் கடனுக்கு இந்த மாதம் கட்டிய தவணை ரசீதையும் சேருங்கள். மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவுக்கு ஒரு தொகை. ஐந்து லட்சம் கேட்டால்தான் பத்தாயிரம் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கேட்காதீர்கள். காட்ட முடிந்த கணக்கைக் கேட்கிறவரைத்தான் ஆணையம் நம்பும்.

எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்ற 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், ஒரு வருடம்கூட ஆகலாம். அதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் சமாதானத்துக்கு வருகிற நிறுவனங்கள் நிறைய. 13,490 ரூபாய்க்கு தஞ்சாவூரில் ஒரு வக்கீலை அமர்த்திப் பல வாய்தா நடத்துவது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அதுவரை மாவு அரைக்காமல் எப்படி இருப்பது என்ற கேள்வி உங்களுக்கு இருக்கும். கடிதத்தில் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் மனதில் ஓடுகிறது. உடைந்த கல்லில் அரைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சில்லு மாவில் விழும், வழக்கும் கெடும். பழைய கிரைண்டருக்குக் காயில் கட்டிப் பாருங்கள், அல்லது ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் பில் வாங்குங்கள். அந்தச் செலவையும் நஷ்டக் கணக்கில் கேட்கலாம். வேறு கிரைண்டர் வாங்கிவிட்டால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இதில் அவருக்கு ஒரு நாள் கூலி போவது வங்கிக்குப் போகிற அன்று மட்டும்தான். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இன்று இரவு வேலை முடிந்ததும் அந்த மெயிலை அனுப்பிவிடுங்கள். 48 மணி நேரம் அங்கே மெயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அவர்கள் என்ன பதில் போடுகிறார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். முறையீட்டு மனுவை எழுத வேண்டிய நிலை வந்தால் அதன் வரைவை நான் பார்த்துத் தருகிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.